பொதிகளும் பகுப்புகளும்: டெபியன் மென்பொருட் களஞ்சியத்தின் வகைப்பாட்டு வரலாறு

பொருள்களைப் பகுத்து வைத்தல் மனிதனின் மிகப் பழைய அறிவுத் தொழில்களுள் ஒன்றாகும். உண்ணும் நெல்லையும் விதைநெல்லையும் வேறு வேறாக வைக்கத் தலைப்பட்ட நாளிலேயே அத்தொழில் தொடங்கிவிட்டது எனலாம். நெல்லும் பயறும் தம் இயல்பினால் வேறுபடுவன. எவரும் பார்த்த மாத்திரத்தே அவற்றைப் பிரித்துவிடுவர். விதைநெல்லோ உருவத்தால் உணவுநெல்லை ஒத்தது. அதனை உலையில் இடலாகாது என்னும் கட்டுப்பாடு ஒன்றே அதனைத் தனியே வைக்கச் செய்கின்றது. இவ்வாறு நோக்குமிடத்துப் பகுப்பு இருவகைப்படும். இப்பொருள் யாது என்னும் வினாவுக்கு விடையாக அமைவது ஒன்று. இப்பொருளைக் கொண்டு நாம் யாது செய்யலாம் என்னும் வினாவுக்கு விடையாக அமைவது மற்றொன்று.

நமது காலத்துக் களஞ்சியங்களுள் ஒன்றாகிய மென்பொருட் களஞ்சியத்திலும் இவ்விருவகைப் பகுப்பும் காணப்படுகின்றன. உலகெங்குமுள்ள தன்னார்வலர்களால் 1993 ஆம் ஆண்டு தொடக்கம் பேணப்பட்டு வரும் டெபியன் களஞ்சியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அக்களஞ்சியத்தில் முதல்வகைப் பகுப்பு எவ்வாறு தளர்ந்தது, இரண்டாம் வகைப் பகுப்பு எவ்வாறு நிலைபெற்றது, அது நிலைபெறுவதற்கு எத்தகைய விலை கொடுக்கப்பட்டது என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களஞ்சியத்தின் தோற்றம்

மென்பொருட்பொதி என்பது யாது என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். ஒரு நிரல் கணினியில் இயங்குவதற்கு வேண்டிய கோப்புகள், அவை வைக்கப்படவேண்டிய இடங்கள், அந்நிரல் சார்ந்து நிற்கும் பிற நிரல்களின் பெயர்கள், அதன் பதிப்பெண், அதனைப் பேணுபவர் பெயர், அதன் பயனைக் கூறும் சிறு விளக்கம் ஆகியவற்றை ஒருங்கே கட்டிய கட்டே பொதியாகும். இத்தகைய பொதிகள் பலவற்றைச் சேர்த்து, வலையமைப்பின் வழியே எவரும் எடுத்துக்கொள்ளத்தக்கதாக வைத்த இடம் களஞ்சியம் எனப்படும்.

1990 களின் முற்பகுதி இத்தகைய களஞ்சியங்கள் பல தோன்றிய காலமாகும். அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக் சார்ந்த ஆக்கங்களுக்கான களஞ்சிய வலையமைப்பு 1992 இல் உருவாகியது. பிறீ-பி.எஸ்.டி. இயங்குதளத்தின் தொகுப்பு 1994 இலும், பேர்ள் என்னும் நிரல்மொழிக்கான களஞ்சிய வலையமைப்பு 1995 இலும் எழுந்தன. இவை ஒவ்வொன்றும் பகுப்புப் பிரச்சினையைத் தத்தமக்கு இயன்றவாறு எதிர்கொண்டன. பிறீ-பி.எஸ்.டி. தொகுப்பிலே ஒரு நிரல் ஒரு வகையின் அடைவில் மாத்திரமே இருப்பினும், அதன் பெயர் வேறு வகைகளின் பட்டியலிலும் இடம்பெறலாம் என விதிக்கப்பட்டது. ஒரு நிரல் ஒரு வகைக்குள் அடங்காது என்னும் உண்மை தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தமைக்கு இது சான்றாகும்.

டெபியன் திட்டத்தை 1993 ஓகஸ்ட் 16 ஆம் நாள் அறிவித்தவர் இயன் மேர்டொக் என்பவர். அவர் அப்போது ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துப் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தார். லினக்ஸ் கருவைச் சுற்றி எழுந்த நிரல்களை ஒருங்கு சேர்த்து வழங்கும் பணி ஒரு சிலரின் தனிப்பட்ட முயற்சியாக இராது, பலர் கூடி வெளிப்படையாகச் செய்யும் பணியாக அமைதல் வேண்டும் என்பது அவர் கருத்து. பலர் கூடிச் செய்யும் பணிக்குப் பொதுவான விதிகள் இன்றியமையாதன. பொதி என்னும் அலகு, அதனைப் பேணும் பொறுப்பாளர், அது வைக்கப்படும் இடம் என்பன தெளிவாக வரையறுக்கப்பட்டமைக்கு இதுவே காரணமாகும்.

இடத்திற்கு வழங்கப்படும் பெயர் எத்துணை முக்கியமானது என்பதனை 1995 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு தவறு உணர்த்திற்று. ஆக்க நிலையிலிருந்த, முற்றுப்பெறாத தொகுப்பொன்றைக் குறுந்தகடு வெளியிடும் நிறுவனமொன்று டெபியனின் 1.0 ஆம் பதிப்பு எனக் கருதி வெளியிட்டுவிட்டது. அத்தொகுப்பு செவ்வையாக இயங்கும் நிலையில் இருக்கவில்லை. இரு தரப்பினரும் கூட்டாக உண்மையை அறிவித்தனர். குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு டெபியனில் 1.0 என்னும் பதிப்பே வெளிவராது 1.1 ஆம் பதிப்பு 1996 யூன் மாதத்தில் வெளியாகியது. வெளியீட்டுக்கு ஆயத்தமாகாத தொகுப்புகளின் அடைவுகளுக்கு எண்களை இடாது புனைபெயர்களை இடும் வழக்கமும் இதன் பின்னரே வேரூன்றிற்று. அப்போது திட்டத்தின் தலைவராயிருந்த புரூஸ் பெரன்ஸ் பிக்சார் திரைப்பட நிறுவனத்தில் பணியாற்றியவராதலின், அந்நிறுவனத்தின் ரோய் ஸ்ரோரி என்னும் படத்துப் பாத்திரங்களின் பெயர்களே புனைபெயர்களாயின. இன்று வேடிக்கையாகத் தோன்றும் இப்பெயர்கள், ஓர் அடைவின் மீது எழுதப்பட்ட எண்ணை உலகம் எவ்வாறு பொருள்கொள்ளும் என்ற கவலையிற் பிறந்தவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பொருட்பிரிவுகளும் அவற்றின் தளர்ச்சியும்

1.1 ஆம் பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. அவை நிருவாகம், நிரலாக்கம், பதிப்பிகள், விளையாட்டு, வரைகலை, அஞ்சல், கணிதம், வலையமைப்பு, ஒலி, பயன்பாட்டுக் கருவிகள் முதலான பிரிவுகளில் வைக்கப்பட்டன. பிரிவின் பெயரே அடைவின் பெயராகவும் இருந்தது. விளையாட்டு நிரல் வேண்டுபவர் விளையாட்டு அடைவைத் திறந்து பார்த்தல் போதுமானது. நானூறு, ஐந்நூறு பொதிகளை ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் வாசித்து முடிக்கலாம்; பிரிவுகள் அவ்வாசிப்புக்கு வழிகாட்டின. எளிமையும் பயனும் ஒருங்கே வாய்ந்த ஏற்பாடாக அது விளங்கியது.

ஆயினும் அப்பிரிவுகளைச் சற்று ஊன்றி நோக்கின் அவற்றின் அடிப்படைக் குறைபாடு புலப்படும். அளவையியலார் ஒரு தொகுதியைப் பகுக்கும்போது ஒரே அடிப்படையைக் கைக்கொள்ளல் வேண்டும் என்பர். டெபியனின் பிரிவுகளோ பல அடிப்படைகளில் எழுந்தவை. 'விளையாட்டு', 'அஞ்சல்' என்பன நிரலின் பயன் நோக்கி எழுந்தவை. 'பேர்ள்', 'பைதன்' என்பன நிரல் எழுதப்பட்ட மொழி நோக்கியவை. 'நோம்', 'கே.டி.ஈ.' என்பன நிரல் இயங்கும் முகப்புச் சூழலை நோக்கியவை. 'நிரலகங்கள்' என்பது பிற நிரல்களுக்குத் துணையாய் நிற்கும் பணியை நோக்கியது. 'பழைய நிரலகங்கள்' என்பதோ காலத்தை நோக்கியது. விரைவில் நீக்கப்படவுள்ளவையும், பெயர் மாற்றத்தின் பொருட்டு இடைக்காலத்துக்கு வைக்கப்பட்டவையும் அதனுள் அடங்கும். எதனுள்ளும் அடங்காதனவற்றுக்கெனப் 'பல்வகை' என்னும் பிரிவும் இருந்தது. பல்வகை என ஒரு பிரிவு வைக்கப்படுமாயின் அது பகுப்பின் தோல்வியைப் பகுப்பே ஒப்புக்கொள்வதாகும்.

அடிப்படைகள் பலவாகும்போது ஒரு பொதிக்கு உரிய இடமும் பலவாகின்றது. ஈமாக்ஸ் என்னும் பதிப்பியினுள் இருந்தவாறே அஞ்சல் வாசிக்க உதவும் பொதி அஞ்சற் பிரிவுக்குரியதா, பதிப்பிகள் பிரிவுக்குரியதா? பைதன் மொழியில் எழுதப்பட்ட கணித நிரலகம் மொழிக்குரியதா, கணிதத்துக்குரியதா, நிரலகத்துக்குரியதா? ஒரு பொதிக்கு ஒரே பிரிவு என்னும் விதி இருந்தமையால் இவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று. பொதியைப் பேணுபவர் தாம் கருதும் பிரிவைப் பொதியினுள் குறிப்பிடலாம். எனினும் அது பரிந்துரை மாத்திரமே. களஞ்சியப் பொறுப்பாளர்கள் பேணும் தனிக் கோப்பொன்றில் எழுதப்பட்டிருப்பதே இறுதி முடிவாகும். பகுப்பு என்பது அறிவுத்துறைச் செயலாக இருக்கும் அதேவேளை அதிகாரம் சார்ந்த செயலாகவும் இருப்பதனை இச்சிறு ஏற்பாடு காட்டுகின்றது.

பொதிகளின் தொகை விரைந்து பெருகிற்று. 1998 இல் வெளிவந்த 2.0 ஆம் பதிப்பில் 1,500 இற்கு மேற்பட்ட பொதிகளும், 2002 இல் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பில் ஏறத்தாழ 8,500 பொதிகளும் இருந்தன. இத்தொகையை எவரும் பிரிவு பிரிவாக வாசித்தல் இயலாது. சொல்லைக் கொடுத்துத் தேடும் கருவிகளும், சார்புகளைத் தாமே அறிந்து வேண்டியவற்றைக் கொணரும் ஏ.பி.டி. போன்ற கருவிகளும் வழக்கிற்கு வந்தன. 2009 இல் எழுத்துருக்கள், தரவுத்தளம், ஜாவா, ரூபி, நிகழ்படம் முதலிய புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. பிரிவுகளின் தொகை காலப்போக்கில் ஐம்பதைத் தாண்டியது. ஆயின் அடிப்படைகளின் கலப்பு இதனாற் குறைந்ததன்று. மேலும் கூடிற்று எனலே பொருந்தும்.

சட்டமும் உரிமையும் வகுத்த எல்லைகள்

பொருட்பிரிவுகள் இவ்வாறு தளர்ந்துகொண்டிருக்க, பிறிதொரு பகுப்பு வலுப்பெற்று வந்தது. 1997 யூலை மாதத்தில் டெபியன் திட்டத்தினர் சமூக ஒப்பந்தம் என்னும் சாசனத்தை ஏற்றுக்கொண்டனர். எது கட்டற்ற மென்பொருள் என்பதனை வரையறுக்கும் வழிகாட்டு நெறிகள் அதன் பகுதியாக அமைந்தன. எவரும் தடையின்றி மறுபடி வழங்கலாம். மூலநிரல் கிடைத்தல் வேண்டும். மாற்றங்கள் செய்து வெளியிடும் உரிமை வேண்டும். ஆளையோ குழுவையோ தொழிற்றுறையையோ காரணங்காட்டி ஒதுக்குதல் கூடாது என்பன அவற்றுட் சில. மறுவருடம் தோன்றிய திறந்த மூல இயக்கத்தின் வரைவிலக்கணம் இந்நெறிகளை அடியொற்றி எழுதப்பட்டமை அவற்றின் செல்வாக்கை உணர்த்தும்.

இந்நெறிகளின் வழியே களஞ்சியத்தின் மூன்று பெரும் பகுதிகளும் தெளிவான பொருளைப் பெற்றன. நெறிகளுக்கு இணங்கியனவும் தம்மளவில் நிறைவுடையனவுமாகிய பொதிகள் 'மெயின்' என்னும் முதன்மைப் பகுதியில் இடம்பெறும். நெறிகளுக்கு இணங்காதன 'நொன்-பிறீ' எனப்படும் பகுதியில் வைக்கப்படும். தாம் கட்டற்றனவாக இருந்தும் முதன்மைப் பகுதிக்கு வெளியேயுள்ள ஒன்றைச் சார்ந்து நிற்பன 'கொன்ரிப்' என்னும் பகுதிக்குரியன. முதன்மைப் பகுதி மாத்திரமே டெபியன் எனப்படும். ஏனைய இரண்டும் பயனாளரின் வசதி கருதி அதே களஞ்சியத்தில் இடங்கொடுக்கப்பட்டவை. அவை டெபியனின் பகுதிகள் அல்ல என்று ஒப்பந்தம் கூறும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் வீட்டாராகக் கொள்ளப்படாத நிலை அவற்றினுடையது.

இவற்றுள் கொன்ரிப் பகுதி தனித்து நோக்கற்பாலது. அதிலுள்ள பொதியின் இயல்பில் குறையேதும் இல்லை. அதன் சார்பே அதனைப் புறத்தே நிறுத்துகின்றது. ஆதலின் அது தான் மாறாமலே இடம் மாறவல்லது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற நிரல்கள் பல நெடுங்காலம் இப்பகுதியிலேயே தங்கியிருந்தன. அவற்றை இயக்கும் ஜாவாத் தளம் கட்டற்றதாக இராமையே காரணம். சன் நிறுவனம் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் ஜாவாவின் மூலநிரலைக் கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிட்டதன் பின்னர், அந்நிரல்களுள் ஒரு வரியேனும் மாறாமலே பல முதன்மைப் பகுதிக்கு வந்து சேர்ந்தன.

பகுப்பினை உண்மையாகக் கைக்கொள்வது எளிதன்று என்பதனைக் கே.டி.ஈ. பற்றிய விவகாரம் எடுத்துக்காட்டும். கே.டி.ஈ. என்பது லினக்ஸ் கணினிகளைச் சாதாரண பயனாளர் இலகுவிற் கையாள உதவிய வரைகலை முகப்புச் சூழலாகும். அது குனூ பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருந்தது. அது சார்ந்து நின்ற கியூட் என்னும் நிரலகமோ மாற்றம் செய்த பிரதிகளை வழங்க இடந்தராத உரிமத்தைக் கொண்டிருந்தது. குனூ பொது உரிமம், இணைந்து இயங்கும் முழு ஆக்கமும் தன் நிபந்தனைகளுக்கு அமைதல் வேண்டும் எனக் கோருவது. எனவே இவ்விரண்டையும் இணைத்து வழங்குதல் உரிமத்துக்கு முரணாகும் என டெபியன் திட்டத்தினர் முடிவு செய்து, 1998 ஒக்டோபரில் கே.டி.ஈ. பொதிகளைக் களஞ்சியத்தினின்றும் நீக்கினர். பயனாளர் பலர் விரும்பிய ஒன்று, பிற வழங்கல்களில் தாராளமாகக் கிடைத்த ஒன்று, டெபியனில் இல்லாதொழிந்தது. 2000 செப்டெம்பரில் கியூட் நிரலகமும் குனூ பொது உரிமத்தின் கீழ் வெளிவந்ததன் பின்னரே கே.டி.ஈ. மீண்டும் உள்ளே வந்தது. பிடிவாதம் எனச் சிலரும் நேர்மை எனச் சிலரும் இதனைக் கூறுவர். எவ்வாறாயினும், களஞ்சியத்தில் எழுதப்பட்ட பெயர்ச்சீட்டு உண்மை பேசுதல் வேண்டும் என்னும் கொள்கைக்காக ஈராண்டுக்காலம் பயனாளரின் வசதி விலையாகக் கொடுக்கப்பட்டது.

அரசின் சட்டம் வகுத்த எல்லையொன்றும் இருந்தது. மறைக்குறியீட்டு மென்பொருளை ஏற்றுமதி செய்வதனை ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. அந்நாட்டுக்குள் அதனைக் கொண்டுசெல்லலாம். வெளியே அனுப்புதலே தடைப்பட்டிருந்தது. ஆகவே அத்தகைய பொதிகள் 'நொன்-யூ.எஸ்.' என்னும் பெயரில் அந்நாட்டுக்கு வெளியே நெதர்லாந்திலிருந்த கணினியொன்றில் வைக்கப்பட்டன. பொதியின் இயல்போ உரிமமோ கருதாது, உலகப் படத்திலே ஒரு நாட்டின் எல்லைக்கோட்டைக் கருதியே எழுந்த பகுப்பு இது. 2000 ஆம் ஆண்டில் அக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும், 2002 இல் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பில் மறைக்குறியீட்டு நிரல்கள் முதன்மைப் பகுதியுடன் சேர்க்கப்பட்டன. 2005 இல் 3.1 ஆம் பதிப்பு வெளிவந்தபோது அத்தனிப்பகுதிக்குத் தேவையே இல்லாது போயிற்று. சட்டம் பிறப்பித்த பகுப்பு சட்டத்துடனேயே மறைந்தது.

இடமும் வகையும் பிரிந்தமை

2000 ஆம் ஆண்டு இறுதியிற் களஞ்சியத்தின் அமைப்பே மாற்றப்பட்டது. அதுவரை ஒவ்வொரு பதிப்புக்கும் தனி அடைவும், அதனுள் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி அடைவும் இருந்தன. ஆக்க நிலையிலிருந்து வெளியீட்டு நிலைக்குத் தொகுப்பொன்று நகரும்போது கோப்புகளும் இடம்பெயர்ந்தன. களஞ்சியத்தைப் பிரதிசெய்து வைத்திருந்த நிலையங்கள் முன்னரே தம்மிடமிருந்த கோப்புகளைப் புதிய இடத்துக்கென மீண்டும் இறக்கவேண்டியிருந்தது. ஆக்க நிலைக்கும் வெளியீட்டு நிலைக்கும் நடுவே சோதனை நிலைத் தொகுப்பு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டமையால் பழைய அமைப்பு மேலும் இடர் விளைப்பதாயிற்று.

இதற்குத் தீர்வாகப் பொதுக்குளம் என்னும் கருத்துப்பட அமைந்த புதிய முறை கொண்டுவரப்பட்டது. ஒரு பொதி ஒரே இடத்திற் கிடக்கும். அது எப்பதிப்புக்குரியது, எப்பிரிவுக்குரியது என்பனவற்றை அட்டவணைக் கோப்புகள் கூறும். பொதுக்குளத்தில் அடைவுகள் மூலப்பொதியின் பெயரின் முதலெழுத்தால் மாத்திரம் பிரிக்கப்பட்டன. நிரலகங்களின் பெயர்கள் பெரும்பாலும் 'லிப்' எனத் தொடங்குவதால் அவற்றுக்கு மாத்திரம் அடுத்த எழுத்தும் சேர்த்துக் கொள்ளப்பட்டது. விளையாட்டு, அஞ்சல், கணிதம் என்னும் அடைவுகள் மறைந்தன.

இம்மாற்றத்திலே ஆழ்ந்து கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. பொருட்பிரிவுகள் யாவும் அடைவின் பெயர்களிலிருந்து நீங்கிய போதும், மெயின், கொன்ரிப், நொன்-பிறீ என்னும் மூன்று பெயர்களும் பொதுக்குளத்தின் வாயிலிலேயே நிலைத்தன. அட்டவணையில் எழுதினாற் போதுமென்று அவை விடப்படவில்லை. விளையாட்டு நிரலும் கணித நிரலும் அருகருகே கிடக்கலாம். கட்டற்றதும் அல்லாததும் அவ்வாறு கிடத்தலாகாது எனக் கருதப்பட்டது. எப்பகுப்பு வசதிக்குரியது, எப்பகுப்பு கொள்கைக்குரியது என்பதனைக் களஞ்சியத்தின் கட்டமைப்பே இவ்விடத்து வெளிப்படுத்திவிடுகின்றது.

சீர்காழியினின்று டெபியன் வரை

பொருட்பிரிவுகளின் குறைபாட்டை நீக்கும் முயற்சி கைவிடப்படவில்லை. 2003 ஆம் ஆண்டளவில் என்ரிக்கோ சீனி என்பவர் 'டெப்ராக்ஸ்' என்னும் குறிச்சொல் முறையைத் தொடங்கினார். நூலகவியலில் வழங்கும் முகப்பகுப்பு முறையே இதற்கு அடிப்படையாயிற்று. அம்முறையின் தந்தையெனப் போற்றப்படுபவர் ஒரு தமிழர் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892 இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியிற் கணித ஆசிரியராயிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நூலகப் பயிற்சிக்காக இலண்டன் சென்ற அவர், அங்கு ஒரு கடையிலே மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில துண்டுகளையே வெவ்வேறு விதமாக இணைத்துப் பற்பல உருவங்களைச் செய்யத்தக்கதாக அது அமைந்திருந்தது. நூற்பொருளையும் இவ்வாறே சிறு கூறுகளின் சேர்க்கையாகக் காணலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1933 இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஆயத்தமாக உள்ள பெட்டிகளில் நூலை இடுவதனை விடுத்து, நூலின் பல முகங்களையும் தனித்தனியே கண்டு, முக்காற்புள்ளியால் இணைத்து எழுதும் முறையாகும். ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து அடிப்படை வகைமைகளை அவர் வகுத்தார்.

இம்முறையை மென்பொருளுக்குப் பொருத்தியதே டெப்ராக்ஸ். ஒரு பொதியின் பணி யாது, எதற்குப் பயன்படுவது, எவ்வகைத் தரவைக் கையாள்வது, எம்மொழியில் எழுதப்பட்டது, எவ்வகை முகப்பைக் கொண்டது, எத்துறைக்குரியது, எப்பண்பாட்டைச் சார்ந்தது என முகங்கள் பல வகுக்கப்பட்டன. ஒவ்வொரு முகத்தின் கீழும் குறிச்சொற்கள் அமைந்தன. ஈமாக்ஸ் பதிப்பியின் அஞ்சல் நிரல் இனிப் பதிப்பிகளுக்கும் அஞ்சலுக்கும் இடையே திண்டாட வேண்டியதில்லை; அது இரண்டையும் தன்மேற் தாங்கலாம். தமிழ் எழுத்துருவைத் தேடுபவர் எழுத்துரு என்னும் முகத்தினூடாகவும் வரலாம். தமிழ்ப் பண்பாடு என்னும் முகத்தினூடாகவும் வரலாம்.

கோட்பாட்டளவில் இம்முறை குறைபாடற்றதாகத் தோன்றினும், நடைமுறையில் ஓர் இடர் இருந்தது. பல முகங்களையும் கண்டு குறியிடுவதற்குப் பொதியை அறிந்த மனிதர் வேண்டும். பொதிகளோ ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. 'இன்னும் குறியிடப்படாதது' என்பதனைத் தெரிவிக்கவே ஒரு குறிச்சொல் வைக்க வேண்டியதாயிற்று. பழைய 'பல்வகை'ப் பிரிவு அறிவின் எல்லையைக் காட்டியது எனின், இப்புதிய குறிச்சொல் உழைப்பின் எல்லையைக் காட்டியது எனலாம். பகுப்பு எத்துணைச் சிறந்த கோட்பாட்டில் எழுந்தாலும் அதனைச் செய்து முடிப்பது மனித உழைப்பே என்பதனை நூலகப் பட்டியலாக்குநர் நன்கறிவர்.

கொள்கையும் அதன் விலையும்

கட்டற்றவை, அல்லாதவை என்னும் பகுப்பு நிலைபெற்றமைக்கு அது தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வந்தமையும் ஒரு காரணமாகும். நொன்-பிறீ பகுதியை அடியோடு நீக்கிவிட வேண்டும் என்னும் யோசனை 2004 இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டுத் தோல்வியுற்றது. அதே ஆண்டில் சமூக ஒப்பந்தம் திருத்தப்பட்டு, நிரல்களுக்கு மட்டுமன்றிக் கையேடுகள் முதலிய யாவற்றுக்கும் நெறிகள் பொருந்தும் என்பது தெளிவாக்கப்பட்டது. இதனால் விசித்திரமான விளைவொன்று நேர்ந்தது. குனூ திட்டத்தின் கையேடுகள் சில, மாற்றலாகாத பகுதிகளைக் கொண்ட உரிமத்தின் கீழ் வெளிவந்திருந்தன. அத்தகைய பகுதிகளைக் கொண்ட கையேடுகள் கட்டற்றவையாகா என 2006 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு முடிவு செய்தது. கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்தையே உலகுக்கு அளித்த குனூ திட்டத்தின் நிரல் முதன்மைப் பகுதியிலும், அந்நிரலின் கையேடு நொன்-பிறீ பகுதியிலும் வைக்கப்படலாயின. தோற்றுவித்தவர் யாரெனக் கருதாது, உரிமத்தை மாத்திரமே கருதியமையால் வந்த விளைவு இது.

இதனினும் கடினமான சோதனை நிலைபொருள் வடிவில் வந்தது. கம்பியில்லா வலையமைப்பு அட்டை, வரைகலை அட்டை போன்ற உறுப்புகள் இயங்குவதற்கு அவற்றினுள்ளே ஏற்றப்படவேண்டிய சிறு நிரல்கள் நிலைபொருள் எனப்படும். உற்பத்தியாளர் இவற்றைப் பெரும்பாலும் மூலநிரலின்றியே வழங்குவர். ஆகவே இவை நொன்-பிறீ பகுதிக்குத் தள்ளப்பட்டன. 2011 இல் வெளிவந்த 6 ஆம் பதிப்பின் லினக்ஸ் கரு இத்தகைய நிலைபொருள்கள் முற்றாக அகற்றப்பட்ட ஒன்றாக விளங்கியது. கொள்கையளவில் இது பெருவெற்றி. ஆயின் புதிய மடிகணினி ஒன்றில் டெபியனை நிறுவ முற்பட்டவருக்கு வலையமைப்பு இயங்காது. வலையமைப்பின்றி நிலைபொருளை இறக்கவும் இயலாது. உத்தியோகபூர்வமற்ற நிறுவற் பிரதி ஒன்று வேறிடத்தில் இருந்தது; அதனை அறிந்தவர்க்கே அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருளை முதன்முதலாக நாடி வந்தவரே இதனால் மிகவும் இடர்ப்பட்டனர்.

2022 ஆம் ஆண்டு இப்பிரச்சினை வாக்கெடுப்புக்கு வந்தது. இயந்திரத்துக்கு இன்றியமையாத நிலைபொருளை உத்தியோகபூர்வமான நிறுவற் பிரதியிற் சேர்க்கலாம் எனச் சமூக ஒப்பந்தம் திருத்தப்பட்டது. 2023 யூனில் வெளிவந்த 12 ஆம் பதிப்பில் கட்டற்றதல்லா நிலைபொருளுக்கென நான்காவது பகுதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. நிலைபொருளை முதன்மைப் பகுதியுட் சேர்த்துவிடுதல் இலகுவான வழியாயிருந்திருக்கும். அவ்வழி தெரிந்தெடுக்கப்படவில்லை. விட்டுக்கொடுக்க நேர்ந்தபோதும் விட்டுக்கொடுத்தது யாது என்பதனைப் பெயரிட்டு வேறாக வைத்தனர். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையோ, நொன்-பிறீ பகுதி ஒரே களஞ்சியத்தில் இருப்பதனையே ஏற்காது, டெபியனைத் தான் அங்கீகரிக்கும் வழங்கல்களின் பட்டியலிற் சேர்க்காதிருந்து வருகின்றது. ஒரு தரப்பினருக்கு மிகுந்த கண்டிப்பாகவும் மறுதரப்பினருக்கு மிகுந்த தளர்வாகவும் தோன்றும் கோட்டிலேயே டெபியன் நின்று வந்துள்ளது.

முடிவுரை

2025 ஓகஸ்டில் வெளிவந்த 13 ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. 474 பொதிகளுக்கு வகுத்த பொருட்பிரிவுகள் அத்தொகைக்கு வழிகாட்ட மாட்டாமை இயல்பே. பொருள் யாது என்னும் வினாவுக்குத் தேடற்கருவியும் குறிச்சொல்லும் அட்டவணையும் ஒருவாறு விடைகூறிவிடுகின்றன. அதனாற் பொருட்பிரிவு தளர்ந்தபோது எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. இப்பொதியைக் கொண்டு யாது செய்யலாம் என்னும் வினாவோ அத்தகையதன்று. நிரலை எத்தனை முறை இயக்கிப் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது. உரிமத்தை வாசித்த ஒருவர் பொறுப்புடன் கூறினாலன்றி அறிதற்கியலாது. களஞ்சியத்தினுட் புதிதாக நுழையும் ஒவ்வொரு பொதியும் வரிசையில் நின்று, அதன் உரிமம் மனிதர் ஒருவரால் வாசிக்கப்பட்டதன் பின்னரே உள்ளே விடப்படுவதன் காரணம் இதுவேயாகும்.

எதிர்காலத்திலும் இவ்வினா ஓய்ந்துவிடாது. பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கு மூலநிரல் எனக் கருதற்குரியது யாது, பயிற்சிக்குப் பயன்பட்ட தரவையும் வழங்கினாலன்றி அவை கட்டற்றவையாகுமா என்னும் விவாதம் 2025 இல் டெபியன் திட்டத்தினரிடையே எழுந்தது. அவ்விவாதம் எம்முடிவை எய்தினும், அது புதியதோர் எல்லைக்கோட்டை வரைவதாகவே முடியும். அக்கோடு எவ்விடத்தில் வரையப்படுகின்றது என்பதிலும் பார்க்க, வரைந்தவர் அதன் மீது உண்மையான பெயரை எழுதினரா என்பதே முக்கியமாகும். விதைநெல்லைத் தனியே வைத்த உழவன் பஞ்சகாலத்தில் அதிலிருந்து ஒரு பிடி எடுக்க நேரலாம். எடுத்தது விதைநெல் என்பதனை அவன் அறிந்திருக்கும் வரையில் மறுபோகத்துக்கு வழியுண்டு. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டவனுக்கு அவ்வழி இல்லை.